காய்ப்புழுவின் செரிமான நொதி மரபணுவில் ஆய்வைத் தொடங்குபவர்களுக்கு: வரிசை, காகிதம், செலவு, காலம்

"பூச்சியின் செரிமான நொதி மரபணுக்களை இலக்காகக் கொண்ட பயிர்ப் பாதுகாப்பு" என்ற மாதிரி ஒரு தலைப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, நாளை காலை எதிலிருந்து ஆரம்பிப்பது என்று விழிக்கும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆய்வுக் கட்டுரைகளில் முடிவு இருக்கும், முறை இருக்கும். எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும், எந்தக் காகிதம் எங்கே மாட்டிக்கொள்ளும், காசு எதில் கரையும் என்பது இருக்காது. தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட அந்தப் பகுதியைத்தான் இங்கே தருகிறேன்.

நான் வைத்துப் பேசும் பூச்சி ஹெலிகோவெர்ப்பா ஆர்மிஜெரா. பருத்தி, துவரை, கொண்டைக்கடலை, தக்காளி எல்லாவற்றையும் துளைக்கும் பச்சைக் காய்ப்புழு. இதன் நடுக்குடல் கடுமையான காரத்தன்மை உடையது, பி.எச். 10-ஐ ஒட்டி இருக்கும். அங்கே புரதத்தை உடைக்கும் வேலையில் பெரும்பங்கு டிரிப்சின், கைமோடிரிப்சின் என்ற இரண்டு செரின் புரோட்டியேஸ் வகைகளுடையது. இவற்றை முடக்கினால் புழுவுக்கு அமினோ அமிலம் கிடைக்காது, வளர்ச்சி குன்றும் என்பதே அடிப்படை யோசனை. யோசனை சரிதான். சிக்கல் என்னவென்றால், இந்த நொதிகளுக்கு ஒரு மரபணு அல்ல, பெரிய குடும்பமே இருக்கிறது. ஒன்றை அடைத்தால் புழு இன்னொன்றைத் திறக்கும். சோயா டிரிப்சின் தடுப்பானைத் தின்னக் கொடுத்தால், அந்தத் தடுப்பானுக்குக் கட்டுப்படாத வேறு புரோட்டியேஸ்களைப் புழு கூட்டிக்கொள்கிறது என்பது 1990-களிலேயே இதே பூச்சியில் தெரிந்த விஷயம்.

அதனால் கணினியில் மரபணுவைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் புழுவிடம் போகாதீர்கள். முதலில் புழுவின் குடலைப் பாருங்கள், பிறகு மரபணுவைத் தேர்ந்தெடுங்கள். கீழே உள்ள வரிசை முழுக்க இதற்காகத்தான்.

1. அனுமதிக் காகிதம் முதல் வாரமே நகரட்டும்

புழு வளர்ப்பதற்கும், நொதி அளப்பதற்கும், ஆர்.என்.ஏ. எடுப்பதற்கும் உயிரிப் பாதுகாப்பு அனுமதி பெரும்பாலும் ஒரு தடையாக இருக்காது. ஆனால் ஒரு மரபணுத் துண்டைப் பிளாஸ்மிடில் (பாக்டீரியாவுக்குள் மரபணுவைச் சுமந்து செல்லும் சிறு டி.என்.ஏ. வளையம்) ஏற்றிப் பாக்டீரியாவில் வளர்க்கும் நாளிலிருந்து நீங்கள் மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளுக்குள் வந்துவிடுகிறீர்கள். உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம், எல்லோரும் ஐ.பி.எஸ்.சி. என்று சொல்லும் குழுவிடம், விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் குழு மாதாமாதம் கூடுவதில்லை. ஒரு கூட்டம் தவறினால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. அதனால் பாக்டீரியா வேலை அடுத்த ஆண்டுதான் என்றாலும் விண்ணப்பத்தை இப்போதே கொடுங்கள்.

விண்ணப்பத்தோடு பொதுவாகக் கேட்கப்படுபவை இவை: திட்டச் சுருக்கம், எந்தப் பூச்சியிலிருந்து எந்த மரபணுத் துண்டு, எந்தப் பிளாஸ்மிட், எந்தப் பாக்டீரியா ரகம், ஆய்வகத்தின் பாதுகாப்பு நிலை, கழிவை எப்படி அழிப்பீர்கள், நெறியாளரின் உறுதிமொழி. இதில் திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் கழிவுப் பகுதி. "முறைப்படி அப்புறப்படுத்தப்படும்" என்று ஒற்றை வரி எழுதினால் போதாது. ஆட்டோகிளேவ் வெப்பம், நேரம், யார் பதிவேட்டில் கையெழுத்திடுவார் என்பது வரை எழுதிவிடுங்கள்.

மரபணு மாற்றிய செடிக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதற்கு மேலே மரபணு மாற்ற ஆய்வுகளைப் பரிசீலிக்கும் மத்தியக் குழுவான ஆர்.சி.ஜி.எம்., வயல் சோதனை என்றால் மத்திய மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவான ஜி.இ.ஏ.சி., கூடவே மாநில அரசின் தடையில்லாச் சான்று. ஒரு மாணவரின் காலத்துக்குள் இது அடங்காது. கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறை கொண்டு புழுவின் மரபணுவையே மாற்ற நினைத்தால், மரபணு மாற்றிய பூச்சிகளுக்கென உயிரித் தொழில்நுட்பத் துறை 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படித்துவிட்டுக் குழுவிடம் போங்கள். புழுவையோ அதன் திசுவையோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால், 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தை முன்கூட்டியே கேட்க வேண்டும். அனுப்பிவிட்டுக் கேட்பது பெரிய தலைவலி.

2. புழு: வாங்குவதா, பிடிப்பதா

இரண்டும் செய்யுங்கள் என்பது என் கருத்து. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தில் ஆய்வக வளர்ப்புப் பூச்சிகளைக் கட்டணத்துக்குத் தருகிறார்கள். நிறுவனத் தலைவர் அல்லது நெறியாளர் கையெழுத்திட்ட கோரிக்கைக் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, முட்டையாகவோ கூட்டுப்புழுவாகவோ வாங்கிக்கொள்ளலாம். கோடையில் பகல் நேரப் பார்சல் வேண்டாம். இரவுப் பேருந்தோ ரயிலோ நல்லது.

வயலில் பிடிக்க வேண்டுமானால் கொண்டைக்கடலை, துவரை, தக்காளி வயல்களுக்குப் போங்கள். பருத்தி இப்போது பெரும்பாலும் பி.டி. ரகம், அதாவது புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியா நச்சின் மரபணுவைச் சேர்த்தது. அதில் பிழைத்த புழு கிடைத்தால் அது சாதாரணப் புழு என்று எண்ணிவிடக் கூடாது. அதைத் தனியாக வையுங்கள்.

வயல் புழு இரண்டு ஆபத்தைக் கொண்டுவரும். ஒன்று, உடலுக்குள் வளரும் ஒட்டுண்ணிக் குளவி. மற்றது என்.பி.வி. வைரஸ். புழு மேலே ஏறித் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் கூழாக வழிந்தால் அந்த வைரஸ்தான். ஒரு டப்பாவில் பார்த்தாலே அந்தத் தட்டு முழுவதையும் அழித்துவிட்டு, மேசையையும் இடுக்கியையும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் துடைத்துவிடுங்கள். வயல் புழுக்களைக் குறைந்தது ஒரு தலைமுறை தனி அறையில் வைத்து, முட்டைகளை நீர்த்த ஹைப்போகுளோரைட்டில் கழுவிய பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

இனத்தை உறுதி செய்ய, முதல் தலைமுறையிலேயே ஒன்றிரண்டு பூச்சிகளின் இனம் காண உதவும் சி.ஓ.ஐ. என்ற மரபணுத் துண்டை வரிசைப்படுத்திவிடுங்கள். செலவு சொற்பம். பின்னால் ஒரு தேர்வாளர் "இது அசல்டா என்ற நெருங்கிய உறவு இனம் இல்லை என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பதில் கையில் இருக்கும்.

3. உணவில் ஒளிந்திருக்கும் பொறி

செயற்கை உணவு பெரும்பாலும் கொண்டைக்கடலை மாவு, ஈஸ்ட், அகார், அஸ்கார்பிக் அமிலம், சார்பிக் அமிலம், வைட்டமின் கலவை என்று போகும். செய்முறை எங்கும் கிடைக்கும். கவனிக்க வேண்டியது மாவை. கொண்டைக்கடலையிலும் சோயாவிலும் இயற்கையாகவே டிரிப்சின் தடுப்பான்கள் உண்டு. வேக வைக்கும் நேரம் மாறினால் மாவில் மிஞ்சும் தடுப்பானின் அளவு மாறும். அளவு மாறினால் புழுவின் குடலில் எந்த புரோட்டியேஸ் ஓடுகிறது என்பதும் மாறிவிடும். அதாவது நீங்கள் அளக்கப்போகும் பொருளையே உங்கள் உணவு ஆட்டிவைக்கிறது. ஒரே கடையில், ஒரே மூட்டை மாவை மொத்தமாக வாங்கி வையுங்கள். வேக வைக்கும் வெப்பத்தையும் நிமிடத்தையும் ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதுங்கள். சோதனை முடியும்வரை மாவை மாற்றாதீர்கள்.

வளர்ப்பு அறை 25 முதல் 27 டிகிரி, ஈரப்பதம் 65-70 சதவீதம், 14 மணி நேரம் வெளிச்சம். முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரை ஒரு மாதத்தைச் சற்றுத் தாண்டும். மூன்றாம் பருவத்திலிருந்து, அதாவது இரண்டாம் முறை தோலுரித்த பிறகு, புழுக்கள் ஒன்றையொன்று தின்னும். அதற்கு முன்பே தனித்தனிக் குப்பிக்கு மாற்றியாக வேண்டும். குப்பி எண்ணிக்கை, அகார் அளவு, உங்கள் விடுமுறை எல்லாவற்றையும் இந்த ஒரு பழக்கம்தான் தீர்மானிக்கும். வளர்ப்பு நிலைபெற மூன்று தலைமுறை, அதாவது மூன்று நான்கு மாதம், ஒதுக்குங்கள். அந்த நேரத்தில்தான் 6-ஆம் படியில் வரும் கணினி வேலையைச் செய்ய வேண்டும்; அது பட்டியல் போடுவது மட்டும், தேர்வு பிறகுதான்.

4. நடுக்குடலை எடுத்தல்

ஐந்தாம் பருவப் புழு, தோலுரித்து ஒரு நாள் ஆனது, நன்றாகத் தின்றுகொண்டிருப்பது. இதுதான் வேண்டும். தோலுரிக்கத் தயாராகும் புழு தின்னாது. அதன் குடலில் நொதி குறைந்திருக்கும். குப்பியின் அடியில் உதிர்ந்த தலைக்கூட்டைத் தேடி நேரத்தைக் குறித்தால் ஒரே வயதுப் புழுக்கள் கிடைக்கும்.

பனிக்கட்டி மேல் வைத்து அசைவு நின்றதும், மெழுகுத் தட்டில் தலையையும் வாலையும் குத்தி, குளிர்ந்த உப்புக் கரைசலுக்குள் முதுகு வழியாகக் கத்தரியுங்கள். வெள்ளையாக ஒட்டியிருப்பது கொழுப்புத் திசு, வெள்ளிக் கம்பி போல ஓடுபவை மூச்சுக் குழல்கள், பின்பக்கம் சுருண்டிருக்கும் மெல்லிய இழைகள் மால்பிஜி நுண்குழல்கள். மூன்றையும் நீக்குங்கள். ஆர்.என்.ஏ.வுக்கு என்றால் குடலைப் பிளந்து உள்ளே உள்ள உணவுப் பொதியை அதன் சவ்வோடு இழுத்தெடுத்துவிட வேண்டும். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்தால் முழுதாக வழுகி வரும். நொதிக்கு என்றால் எடுக்க வேண்டாம், சுரந்த நொதியில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஒரே புழுவை இரண்டு வேலைக்கும் பயன்படுத்த முயலாதீர்கள்.

5. நொதி அளவீடு: மரபணுவுக்கு முன்னால் இதுதான்

கிளைசின்-சோடியம் ஹைட்ராக்சைடு பஃபர் (பி.எச். மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்), பி.எச். 10. குடலை அதில் அரைத்து, குளிரில் மையவிலக்கி, மேல்நீரைச் சிறு சிறு பங்காக உறையவைக்கவும். டிரிப்சினுக்குப் பாப்னா என்ற வினைபொருள், அதாவது நொதி வெட்டும் பொருள். 410 நானோமீட்டரில் மஞ்சள் நிறம் ஏறுவதை அளக்க வேண்டும். கைமோடிரிப்சினுக்கு நான்கு அமினோ அமிலச் சங்கிலியோடு வரும் வேறு பாரா நைட்ரோ அனிலைடு வினைபொருள், மொத்தச் செயல்பாட்டுக்கு அசோகேசீன் என்ற சாயம் சேர்த்த பால் புரதம்.

இங்கே மூன்று இடங்களில் பலரும் வழுக்குகிறார்கள். பாப்னா நேராகத் தண்ணீரில் கரையாது. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்துப் பிறகு பஃபரில் சேருங்கள். இரண்டாவது, புரதம் பிரிக்கும்போது பழக்கதோஷத்தில் புரோட்டியேஸ் தடுப்பான் கலவையைப் போட்டுவிடுவார்கள். நாம் அளப்பதே புரோட்டியேஸ். அது வேண்டாம். மூன்றாவது, பி.எம்.எஸ்.எஃப். என்ற தடுப்பான் தண்ணீரில், அதிலும் காரத்தில், சீக்கிரம் சிதைந்துவிடும். ஐசோபுரொப்பனாலில் கரைத்து வைத்து, சோதனை நேரத்தில் புதிதாகச் சேருங்கள்.

டி.எல்.சி.கே. டிரிப்சினையும், டி.பி.சி.கே. கைமோடிரிப்சினையும், ஈ-64 சிஸ்டீன் புரோட்டியேஸையும் அடக்கும். இவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால், உங்கள் புழுவில், உங்கள் உணவில் எந்த வகை நொதி ஆட்சி செய்கிறது என்ற படம் கிடைக்கும். கொண்டைக்கடலை, துவரை, தக்காளி மூன்றிலும் வளர்த்துத் திரும்பப் பாருங்கள். எந்தப் பயிரில் வளர்ந்தாலும் மாறாமல் இருப்பது எது என்பதுதான் அடுத்த கட்டத்துக்கான உங்கள் சொத்து.

6. மரபணுப் பட்டியல்

இந்தப் பூச்சியின் முழு மரபணுத் தொகுதி 2017-இல் வெளியானது. 17 ஆயிரத்துக்கும் மேல் மரபணுக்கள், பதிவிறக்கம் இலவசம். அதில் டிரிப்சின் என்று பெயர் போட்டிருப்பதை எல்லாம் நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு வரிசையிலும் இவற்றைப் பாருங்கள்: சுரப்பதற்கான சிக்னல் பகுதி இருக்கிறதா; ஹிஸ்டிடின், அஸ்பார்டேட், செரின் என்ற மூன்று செயல் அமினோ அமிலங்களும் இருக்கின்றனவா (ஒன்று குறைந்தாலும் அது வேலை செய்யாத போலி); கைமோடிரிப்சின் எண்முறையில் 189-ஆம் இடத்தில் அஸ்பார்டேட் இருந்தால் டிரிப்சின். கிளிப் என்ற கூடுதல் பகுதி இருந்தால் ஒதுக்கிவையுங்கள், அது பெரும்பாலும் இரத்தத்தில் நோய் எதிர்ப்பு வேலை செய்வது, செரிமானத்துக்குத் தொடர்பில்லை.

7. ஆர்.என்.ஏ., கியூ.பி.சி.ஆர்.

மூன்று முதல் ஐந்து குடல்கள் சேர்ந்தால் ஒரு மாதிரி, அப்படிப்பட்ட உயிரியல் மாதிரிகள் குறைந்தது மூன்று. ஆர்.என்.ஏ.வைப் பிரிக்க டிரைசால் முறை போதும். கலந்து வரும் டி.என்.ஏ.வை அழிக்கும் டி.என்.ஏஸ் நொதியைப் போடாமல் விடாதீர்கள்.

வரிசைப்படுத்தும் தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும்போது ஒரு வேடிக்கையான பிரச்சினை வரும். "ஆர்.என்.ஏ. தரம் குறைவு, ரின் மதிப்பு தேறவில்லை, மாதிரியை மறுபடி அனுப்பவும்" என்று மின்னஞ்சல் வரும். ரின் என்பது ஆர்.என்.ஏ. சிதையாமல் இருக்கிறதா என்று கருவி போடும் மதிப்பெண். எனக்கும் வந்தது. ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் 28எஸ் (பெரியது), 18எஸ் (சிறியது) என்று இரண்டு முக்கியத் துண்டுகள். பல பூச்சிகளின் 28எஸ் துண்டில் நடுவில் இயற்கையாகவே ஒரு வெட்டு உண்டு. சூடுபடுத்தினால் அது இரண்டாகப் பிரிந்து 18எஸ் இருக்கும் இடத்திலேயே வந்து நிற்கும். கருவி இரண்டு பட்டைகளை எதிர்பார்க்கும், ஒன்றுதான் தெரியும், உடனே மதிப்பு விழும். சிதைந்த ஆர்.என்.ஏ. என்றால் கீழே புகைபோலப் பரவியிருக்கும். ஒற்றைப் பட்டை கூர்மையாக இருந்தால் மாதிரி நன்றாக இருக்கிறது என்று பொருள். ஜெல் படத்தை இணைத்து, இது பூச்சி மாதிரி என்று விளக்கி, அதே மாதிரியிலேயே தொடரச் சொல்லி எழுதுங்கள். மறுபடி அனுப்பினால் காசும் உலர் பனிக்கட்டியும்தான் வீண்.

ஒரு மரபணு எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கும் கியூ.பி.சி.ஆரில் ஆக்டின் ஒன்றை மட்டும் ஒப்பீட்டு மரபணுவாக வைத்து முடிவு எழுதாதீர்கள். கியூ.பி.சி.ஆர். முடிவுகளை எப்படி எழுத வேண்டும் என்று 2009-இல் வந்த மிக்கி (MIQE) நெறிமுறையை மேற்கோள் காட்டி இதழ்கள் திருப்பி அனுப்பும். இரண்டு மூன்று மரபணுக்களைச் சோதித்து, நிலையானவற்றை வையுங்கள். இந்தக் குடும்பத்தில் மரபணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. அதனால் பிரைமரை (நகலெடுக்க வேண்டிய துண்டைக் குறிக்கும் சிறு டி.என்.ஏ.) முடிந்தவரை வால்பகுதியில், புரதமாக மாறாத இடத்தில் அமையுங்கள். கிடைத்த துண்டை ஒருமுறையாவது வரிசைப்படுத்திப் பாருங்கள்.

8. இலக்கைத் தேர்ந்தெடுக்கும் நாள்

இப்போதுதான் மரபணுவைத் தேர்வு செய்ய வேண்டும். அந்த மரபணு குடலில் மட்டும் அதிகம் ஓடுகிறதா? தின்னும் பருவங்கள் அனைத்திலும் ஓடுகிறதா? பயிர் மாறினாலும் குறையவில்லையா? அதை அடக்கினால் ஈடுகட்ட எத்தனை உறவுக்கார மரபணுக்கள் காத்திருக்கின்றன? கடைசிக் கேள்விக்குப் பதில் "நிறைய" என்றால், அந்த ஒற்றை மரபணுவை விட்டுவிட்டு, பல உறுப்பினர்களுக்குப் பொதுவான துண்டையோ, இரண்டு மூன்று மரபணுத் துண்டுகளை ஒட்டிய ஒரு கலவையையோ எடுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பி.டி. நச்சு புழுவின் குடலுக்குப் போகும்போது முன்னோடி வடிவில் இருந்தால், அதை வெட்டிச் செயல்படும் நச்சாக மாற்றுவது இதே குடல் புரோட்டியேஸ்கள்தான். இதே காய்ப்புழுவில் ஒரு டிரிப்சின் மரபணுவின் வெளிப்பாடு குறைந்திருப்பது பி.டி. எதிர்ப்போடு தொடர்புடையது என்று 2014-இல் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் தவறான டிரிப்சினை அடக்கினால், பி.டி.யின் வலுவை நாமே குறைத்துவிடலாம். பி.டி. தெளிப்போ பி.டி. பருத்தியோ இருக்கும் இடத்துக்கான இலக்கு என்றால், மரபணுவை அடக்கிய புழுவுக்கு முன்னோடி வடிவ நச்சைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை ஒன்றைத் திட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

9. இரட்டை இழை ஆர்.என்.ஏ.

இலக்கு மரபணுவோடு பொருந்தும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. புழுவின் செல்லுக்குள் போனால் அந்த மரபணு அடங்கும்; அடக்குவதற்கு நாம் பயன்படுத்தும் கருவி இதுதான். 200 முதல் 500 எழுத்து நீளத் துண்டு, இரு பிரைமர்களின் முன்னாலும் ஆர்.என்.ஏ. தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் டி7 வரிசை. கிட் மூலம் செய்தால் விரைவு, செலவு அதிகம். எல்4440 பிளாஸ்மிடும் எச்.டி.115 பாக்டீரியாவும் கொண்டு செய்தால் மலிவு, ஐ.பி.எஸ்.சி. அனுமதி வேண்டும். ஒப்பீட்டுக்குப் புழுவில் இல்லாத ஜி.எஃப்.பி. என்ற பச்சை ஒளிர் புரத மரபணுவின் இரட்டை இழையைச் சேருங்கள். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. துண்டின் 21 எழுத்துத் தொடர் எதுவும் பட்டுப்புழு, தேனீ, டிரைக்கோகிரம்மா குளவி போன்ற நன்மை செய்யும் பூச்சிகளோடு முழுதாகப் பொருந்தவில்லை என்று சரிபார்த்து, அந்த அட்டவணையைப் பின்னிணைப்பில் வையுங்கள்.

அந்துப்பூச்சி இனப் புழுக்களில் வாய்வழியாகக் கொடுக்கும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. சரியாக வேலை செய்யாமல் போவது சகஜம். குடலில் அதை வெட்டும் நொதிகள் உண்டு, காரத்தன்மையும் உதவாது. அமெரிக்காவில் 2023 கடைசியில் பதிவான லெட்ப்ரோனா என்ற முதல் இரட்டை இழை ஆர்.என்.ஏ. தெளிப்பு மருந்து உருளைக்கிழங்கு வண்டுக்கானது. வண்டில் கிடைத்த வெற்றியைக் காய்ப்புழுவில் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. பெரிய சோதனைக்கு முன், குடல் சாற்றில் உங்கள் ஆர்.என்.ஏ.வைக் கலந்து 10, 30, 60 நிமிடத்தில் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். பத்தாவது நிமிடமே மறைந்தால், கைட்டோசான் நுண்துகளில் பொதிவது பற்றியோ ஊசியால் செலுத்துவது பற்றியோ நெறியாளரிடம் பேசுங்கள்.

10. உயிர்ச் சோதனை

செரிமான நொதியை அடக்கினால் புழு பொத்தென்று விழுந்து சாகாது. மெதுவாக வளரும், கூட்டுப்புழு இளைக்கும், முட்டை குறையும். சாவை மட்டும் எண்ணினால் "பயனில்லை" என்ற தவறான முடிவு வரும். எடையை 3, 5, 7-ஆம் நாளில் எடுங்கள், கூட்டுப்புழு எடை, பருவ நாட்கள், முட்டை எண்ணிக்கை வரை தொடருங்கள். சோதனைத் தட்டில் புழுவுக்கு ஒரு குழி, ஒவ்வொரு சிகிச்சைக்கும் 24 புழு, மூன்று முறை. 24, 48, 72 மணி நேரத்தில் தனியாகச் சில புழுக்களை எடுத்து மரபணு வெளிப்பாடு, நொதிச் செயல்பாடு இரண்டையும் அளக்க வேண்டும். வெளிப்பாடு குறைந்தும் நொதி குறையவில்லை என்றால், வேறு மரபணு ஈடுகட்டுகிறது. அப்போது உறவுக்கார மரபணுக்களின் அளவையும் பாருங்கள். அதுவே ஒரு நல்ல முடிவு, மறைக்கத் தேவையில்லை. ஒப்பீட்டுக் குழுவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செத்தால் அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே என்றால், இயற்கைச் சாவைக் கழித்துக் கணக்கிடும் அபாட் சூத்திரம்.

11. காசும் காலமும்

பிரைமர் ஒன்று சில நூறு ரூபாய், ஒரு சாங்கர் வரிசைப்படுத்தலும் அப்படியே. இவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். டிரைசால், ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் சி.டி.என்.ஏ. கிட், கியூ.பி.சி.ஆர். கலவை எல்லாம் சேர்ந்தால் ஐந்து இலக்கத்தில் நிற்கும். கையை உண்மையில் கடிப்பவை இரண்டு: முழு ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தலும், இரட்டை இழை ஆர்.என்.ஏ. கிட்டும். மரபணுத் தொகுதி ஏற்கெனவே கிடைப்பதால், பத்துப் பதினைந்து மரபணுக்களை கியூ.பி.சி.ஆரில் பார்த்தே பட்டியலைச் சுருக்க முடியும். நிதி குறைவு என்றால் முதலாவதை விட்டுவிடலாம்.

விலைப்புள்ளி வாங்கும்போது ஜி.எஸ்.டி., உலர் பனிக்கட்டி, அனுப்பும் செலவு மூன்றையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். இறக்குமதிப் பொருள் வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் மாட்டினால் ஜூன்தான். பாப்னா, டி.எல்.சி.கே. போன்றவற்றைப் புழு வளர்ப்பு தொடங்கும் மாதமே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

வளர்ப்பு நான்கு மாதம், நொதி இரண்டு மாதம், மரபணு வெளிப்பாடு மூன்று மாதம், இரட்டை இழையும் உயிர்ச் சோதனையும் ஆறு மாதம் என்று வைத்தால், தடங்கல் இல்லாமல் ஒன்றேகால் ஆண்டு. முதுகலை மாணவர் ஐந்தாம் படியோடோ ஏழாம் படியோடோ நிறுத்திக்கொள்வது நியாயமானது. எட்டுக்கு மேல் முனைவர் பட்டத்துக்கு.

12. வரிசைகளைப் பதிவு செய்தல்

நீங்கள் பெற்ற மரபணு வரிசைகளை ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில் பதியுங்கள். கட்டணம் இல்லை. வரிசைக்கான பதிவு எண் பெரும்பாலும் சில வேலை நாட்களில் வந்துவிடும். கட்டுரை வரும்வரை மறைத்து வைக்கவும் வழி உண்டு, அந்தத் தேதியை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். பூச்சி சேகரித்த நாடும் தேதியும் இப்போது கட்டாயம். எந்தப் பயிர், எந்த ஊர் என்பதையும் சேருங்கள். அதனால் முதல் நாள் வயலில் பிடித்தபோதே இவற்றை எழுதிவைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில புழுக்களையும் அந்துப்பூச்சிகளையும் ஆல்கஹாலில் சான்று மாதிரியாகப் போட்டுவையுங்கள். வெளியே ஒட்டும் லேபிளின் மை ஆல்கஹால் பட்டால் அழியும். கெட்டித்தாளில் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போட்டுவிடுங்கள்.